இங்கே வியாபாரம் எதுவும் இல்லீங்க

என் மகள் தன் சரக்கைத் தனக்கே விற்கிறாள் என்று தெரிந்த அன்று, யாரோ அவளை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பில்லில் விற்பவர் பெயரும் அவளுடையது, வாங்குபவர் பெயரும் அவளுடையது. விற்பவரின் முகவரி வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீடு. வாங்குபவரின் முகவரி பெங்களூருக்கு வெளியே ஒரு கிடங்கு. நடுவில் வரி. சொந்தப் பொருளை வாங்குவதற்கு எதற்கு வரி, அது யார் பைக்குப் போகிறது என்று கேட்டேன்.

கர்நாடகத்தில் சரக்கை வைத்து விற்க வேண்டுமானால் அந்த மாநிலத்திலும் தனியாக ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும், எடுத்தாயிற்று என்றாள். இரண்டு மாநிலத்தில் இரண்டு எண் இருந்தால் சட்டத்தின் கணக்கில் அவர்கள் இரண்டு ஆட்கள். ஒரே பெயர், ஒரே பான் கார்டு, ஒரே முகம், ஆனாலும் இரண்டு ஆட்கள். இங்கிருக்கும் ஆள் அங்கிருக்கும் ஆளுக்குச் சரக்கு அனுப்பினால் அது விற்பனை மாதிரிதான். அதற்கு இங்கே வரி கட்டிவிட்டு, அங்கே விற்கும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

"காசு எங்கயும் போவலம்மா. கடைசியா எந்த ஊர்க்காரன் வாங்குறானோ அந்த ஸ்டேட்டுக்கு வரி போய்ச் சேரணும். அதுக்குத்தான் இந்தச் சுத்து" என்றாள்.

நான் பி.காம். படித்தவள். கணக்கு புரிந்தது. இரண்டு ஆட்கள் என்பது மட்டும் உள்ளே இறங்கவில்லை.

"அப்போ அங்க இருக்கறவ யாரு?"

"நான்தாம்மா."

"இங்க இருக்கறவ?"

"அதுவும் நான்தான். டீயக் குடி, ஆறிடப் போவுது."

எனக்குப் பெங்களூரின் மேல் முன்பே சந்தேகம் உண்டு. என் மகள் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். ஒரு நாள் பெட்டியோடு வந்து, இனிமேல் போகவில்லை என்றாள். ஏன் என்று நானும் கேட்டேன், அவள் அப்பாவும் கேட்டார். பிடிக்கவில்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கல்யாண வயதில் ஒரு பெண் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நின்றால் அம்மாவின் மனம் எங்கெல்லாம் போகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவள் துணிகளைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டுகளைத் துழாவினேன். பழைய பஸ் டிக்கெட் தவிர எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. செங்கம் சாலையில் ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குத் தரையில் உட்கார்ந்து பழக்கமில்லை. தியானத்தில் முட்டி வலிக்கிறது என்பார்கள். அங்கே ஒரு விடுதிக்காரர் கேட்டார் என்று, இலவம்பஞ்சு அடைத்து, வட்டமாக, ஒரு சாண் உயரத்துக்கு மெத்தை தைத்துக் கொடுத்தாள். அதில் உட்கார்ந்தவர்கள் போகும்போது கையோடு ஒன்று கேட்டார்கள். பிறகு இணையத்தில் போட்டாள். மலையைச் சுற்றிக் கிரிவலம் வரும் ஆந்திரா, தெலுங்கானா ஆட்கள் விடுதிகளில் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் ஆர்டர் போட்டார்கள். பெங்களூரில் யோகா வகுப்பு நடத்துகிறவர்கள் மொத்தமாகக் கேட்டார்கள். எங்கள் மாடி அறையில் இரண்டு தையல் மிஷின்கள் வந்தன. பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பெண்கள் தைக்க வந்தார்கள். வீடு முழுக்கப் பஞ்சு. சாம்பாரில்கூட ஒரு இழை மிதக்கும்.

மெத்தைக்கு எடை கம்மி, இடம் ஜாஸ்தி. கூரியர்காரர்கள் எடையைப் பார்ப்பதில்லை, வண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்துக் காசு கேட்கிறார்கள். ஒவ்வொரு மெத்தையாக இங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பினால் லாபம் எல்லாம் அதிலேயே போய்விடும். ஒரு லாரியில் மொத்தமாக ஏற்றி அங்கே ஒரு கிடங்கில் வைத்துவிட்டால், ஆர்டர் வந்த மறுநாள் ஆள் வீட்டில் மெத்தை இருக்கும். அதனால்தான் கிடங்கு, கிடங்கு இருப்பதால்தான் கர்நாடகப் பதிவு. இப்படி அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு சரியாக இருப்பதுதான் எனக்கு உறுத்தியது. அந்த ஊரை விட்டு வந்தவள், அந்த ஊரிலேயே தன் பெயரில் இன்னொரு ஆளை உட்கார வைத்திருக்கிறாளே. முதலில் எண் போகும், பிறகு சரக்கு போகும், அதற்கடுத்து எது போகும் என்று எனக்குத் தெரியாதா?

இந்த இடத்தில் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது புதிதாக மனை போட்டு வந்த பகுதி. எல்லாரும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். பாதி வீடுகளில் ஏதாவது ஒரு தொழில் நடக்கும். ஒருவர் மாவு அரைத்து விற்பார், ஒருவர் பிளவுஸ் தைப்பார், ஒருவர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். மின் இணைப்பு மட்டும் எல்லாருக்கும் வீட்டு இணைப்புதான். இரண்டு தெரு தள்ளி, வீட்டு இணைப்பில் மிஷின் ஓட்டிய ஒருவரைக் கரண்ட் ஆபீஸ் ஆட்கள் பிடித்து அபராதம் போட்டதிலிருந்து எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வந்தது. கையில் ஃபைலோடு முன்பின் தெரியாத ஆள் தெருமுனையில் வண்டியை நிறுத்தினால், முதலில் பார்க்கும் வீட்டிலிருந்து மற்ற வீடுகளுக்கு மிஸ்டு கால் போகும். உடனே மிஷின் நிற்கும், போர்வை விழும், கதவு சாத்தப்படும். வருகிறவர் யார், எந்த ஆபீஸ் என்று பார்ப்பதெல்லாம் கிடையாது. கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: இங்கே வியாபாரம் எதுவும் இல்லீங்க.

என் கணவர் பால் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அரசாங்கத்திடம் எதையும் முழுதாகச் சொல்லக்கூடாது என்பது அவர் வீட்டில் சொல்லாமலே கற்றுக்கொண்ட பாடம். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடம்கூட வீட்டில் எத்தனை அறை என்பதற்கு, "எதுக்கு கேக்கறீங்க?" என்று கேட்டவர். வியாபாரப் பெயரும் பதிவு எண்ணும் எழுதிய பலகையை வாசலில் மாட்ட வேண்டும் என்று மகள் வாங்கிவந்து கொடுத்ததை, அவர் படிக்கட்டுக்கு அடியில் செருப்பு வைக்கும் இடத்தில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். கண் படும் என்றார். உண்மையில் அவர் பயந்தது ஊர்க் கண்ணுக்கு அல்ல, கரண்ட் ஆபீஸ் கண்ணுக்கு.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் அது நடந்தது. மகள் லாரிச் சரக்கை ஒப்படைப்பதற்காகப் பெங்களூர் போயிருந்தாள். கிரிவலத்துக்கு வந்த வெளியூர் வண்டிகள் எங்கள் தெரு வரைக்கும் நின்றிருந்ததால் யாரைப் பார்த்தாலும் புது முகமாகத்தான் இருந்தது. நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது எதிர் வீட்டுப் பெண் எங்கள் மாடிப்படியில் இரண்டு கக்கத்திலும் மெத்தைகளோடு இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் என் கணவர், தலைக்கு மேல் அடுக்கிப் பிடித்துக்கொண்டு, வேட்டி தடுக்கத் தடுக்க வந்தார்.

"அக்கா, தெருமுனைல ரெண்டு பேரு. ஃபைலு கீது" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் வீட்டுக்குள் போனாள். தையல்காரப் பெண்கள் இருவரும் ஏற்கெனவே அங்கே போய் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

வந்தவர்கள் கரண்ட் ஆபீஸ் ஆட்கள் இல்லை. மூத்தவர் அரைக்கைச் சட்டையில் அமைதியாக இருந்தார். கூட வந்தவர் கையில் போன். வணிகவரி அலுவலகத்திலிருந்து வருகிறோம் என்று மூத்தவர் அடையாள அட்டையைக் காட்டினார். நான் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தேன். அட்டை போலியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் காலத்தில் எதுதான் போலியாக இருக்காது? என் மகளின் பெயரைச் சொல்லி, இந்த முகவரியில் அவருடைய நிறுவனம் இருக்கிறதா என்று கேட்டார்.

என் கணவருக்கு வந்திருப்பவர் யார் என்பது நன்றாகத் தெரியும். அட்டையைப் படித்தார். படித்துவிட்டுத்தான் சொன்னார்: "இங்க வியாபாரம் எதுவும் இல்லீங்க. இது வீடு."

மகள் எங்கே என்று மூத்தவர் கேட்டார். வெளியூர் போயிருக்கிறாள் என்றார் என் கணவர். மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் பின்னால் போனேன். போர்வை மூடிய மிஷின்களைக் காட்டி இது என்ன என்று கேட்டதற்கு, வீட்டுத் துணி தைக்கிற மிஷின் என்றார். இரண்டா என்றார் அவர். ஒன்று என் மனைவிக்கு, ஒன்று என் மகளுக்கு என்றார் இவர். நான் வாழ்க்கையில் ஊசியில் நூல் கோத்தவள் இல்லை. கூட வந்தவர் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது படிக்கட்டுக்கு அடியில் இருந்த பலகையை அந்தப் பெரியவர் குனிந்து திருப்பிப் பார்த்தார். அதில் பெயரும் எண்ணும் பளிச்சென்று இருந்தன.

"இது?"

"பொண்ணு காலேஜ்ல ஏதோ புராஜெக்ட்டுக்குப் பண்ணதுங்க."

அவர் பலகையைப் பழையபடி சுவர் பக்கம் திருப்பி வைத்தார். எதிலோ எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர்கள் வண்டி திரும்பியதும் நான் கேட்டேன், வரி ஆபீஸ்காரரிடம் எதற்குப் பொய் என்று. "கவர்மெண்டுல எல்லாரும் ஒண்ணுதான். இவன் பாத்தா கரண்ட்டுக்காரன்கிட்ட சொல்லிடுவான்" என்றார். மெத்தைகளைத் திரும்ப எடுத்து வரும்போது அவருக்குச் சிரிப்புகூட வந்தது. எதிர் வீட்டுப் பெண்ணும் சிரித்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தெருமுனையில் நிற்கும்போதே, எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? போன வாரம்தான் என்னிடம், உன் பொண்ணு டாக்ஸ் எல்லாம் கட்டுதா அக்கா என்று கேட்டிருந்தாள்.

சில நாட்களில் மகளுக்கு மெயில் வந்தது. சொன்ன முகவரியில் நிறுவனம் இயங்கவில்லை என்று நேரடி ஆய்வில் தெரிந்ததால் அவளுடைய தமிழ்நாட்டுப் பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது, ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று. அவள் அப்போது பெங்களூரிலிருந்து திரும்பியிருந்தாள். மெயிலை இரண்டு தடவை படித்தாள். கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டி எங்களைப் பார்த்தாள். நடந்ததை என் கணவர் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அவள் கோபத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. "சரிப்பா" என்றாள். கோபப்படாதவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

மறுநாள் நானும் அவளோடு ஆடிட்டரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஆபீஸ். எதற்காக ஆய்வுக்கு வந்தார்கள் என்று நான்தான் கேட்டேன். யாராவது எழுதிப்போட்டார்களா? அவர் சிரித்தார். யாரும் எழுதிப்போட வேண்டாம், கம்ப்யூட்டரே சொல்லும் என்றார். இங்கே பதிவு செய்த ஒரு நிறுவனம், உள்ளூரில் பெரிதாக விற்காமல், மாதாமாதம் வெளிமாநிலத்தில் இருக்கும் தன் பேருக்கே பில் போட்டுக்கொண்டிருந்தால் சந்தேகம் வரும். கடையே இல்லாமல், சரக்கே இல்லாமல், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வெறும் பில்லை மட்டும் அனுப்பி வரியைத் திரும்பக் கேட்கிற கூட்டம் இருக்கிறது. அதனால் இடம் உண்மையா என்று பார்க்க வருவார்கள். "வந்தாங்க. நீங்களே இல்லன்னுட்டீங்க" என்றார்.

சந்தேகம் என் குடும்பத்து நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அரசாங்கத்துக்கும் அது உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மகளின் பில்லைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியதோ அதேதான் அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது: அங்கே இருப்பது யார், இங்கே இருப்பது யார்.

அதன் பிறகு ஆடிட்டர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"இன்னொன்னும் யோசிக்கலாம்மா. தமிழ்நாடு நம்பர் போனா போவட்டும். கர்நாடகா நம்பர் உயிரோடதான இருக்கு. தையலயும் அங்க மாத்திட்டீங்கன்னா ஒரே ஸ்டேட்டு. உங்களுக்கு நீங்களே பில் போட வேணாம். வேல கம்மி, தலவலி கம்மி."

 நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பதிவு இருந்தால் இவருக்கு இரண்டு மடங்கு ஃபீஸ். தன் ஃபீஸைக் குறைத்துக்கொள்ளும்படி யாராவது யோசனை சொல்வார்களா? சொன்னால் அதில் வேறு ஏதோ லாபம் இருக்க வேண்டும். இறங்கி வரும்போது மகளிடம், இவருக்குப் பெங்களூரில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "உனக்கு யாரையுமே நம்ப முடியாதாம்மா?" என்றாள்.  நான் நம்பாதது ஆடிட்டரை மட்டும் அல்ல. அவர் அதைச் சொன்னபோது அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. முன்பே தெரிந்த வழியை வேறு ஒருவர் சொல்லக் கேட்பது போல இருந்தது.

வீட்டில் அவள் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் புதிதாகச் சரக்கு அனுப்ப முடியாது. தைத்தவை அடுக்கடுக்காக மாடி அறையை அடைத்து, கூடத்துக்கு இறங்கி, எங்கள் படுக்கை அறை வரை வந்துவிட்டன. பெங்களூர்க் கிடங்கில் இருந்த சரக்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்தது. சட்டப்படி என் மகள் அப்போது கர்நாடகத்தில்தான் இருந்தாள். வேங்கிக்காலில், என் எதிரே சோறு தின்றுகொண்டிருந்தவள் இல்லாத ஆள். அவள் குளிக்கப் போன நேரம் போன் திறந்திருந்தது. பார்த்தேன். பெங்களூர்ப் புறநகரில் வாடகைக்குக் கிடைக்கும் சின்ன ஷெட்டுகளின் படங்கள். தையல் யூனிட்டுக்கு ஏற்றது என்று ஒன்றில் போட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு படுக்கை அறை வீடும் உண்டாம்.

அதை என் கணவரிடம் சொன்னேன். அவர் அப்போது மெத்தைகளுக்கு நடுவில் வழி பண்ணிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"இப்ப போயி நான் பொய் சொன்னேன்னு சொன்னா, உள்ள புடிச்சுப் போடுவானா?"

"யாருக்குத் தெரியும்?"

"கரண்ட்டுக்காரன்?"

"அவனும் வருவான்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார். அவர் ஒன்றும் செய்யமாட்டார் என்றுதான் நினைத்தேன். கட்டிய நாளிலிருந்து இவரையும் நான் முழுதாக நம்பியவள் இல்லை.

மறுநாள் காலையில் சங்கத்துக்கு லீவு சொல்லிவிட்டு முதலில் கரண்ட் ஆபீஸுக்குப் போனார். மாடி அறைக்குத் தொழிலுக்கான தனி இணைப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தவர் மேலும் கீழும் பார்த்து, தானாக வந்து கேட்கிறீர்களே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாராம். அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, என்னையும் மகளையும் கூட்டிக்கொண்டு வணிகவரி அலுவலகத்துக்குப் போனார். பஸ்ஸில் போகும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்கள் வீட்டுக்கு வந்த அதே பெரியவர்தான் இருந்தார். மகள் பதிலையும் அதோடு வைக்க வேண்டிய காகிதங்களையும் கொடுத்தாள். அவர் அவற்றைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"அன்னிக்கி நான் சொன்னது பொய்ங்க. வியாபாரம் இருக்குது. மெத்தயெல்லாம் எதிர் வீட்ல கொண்டுபோயி வச்சேன். கரண்ட் ஆபீஸ்ல சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"தெரியும்ங்க" என்றார் அவர். "வண்டி எடுக்கும்போது பாத்தேன், என் சட்ட பூரா பஞ்சு."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் சார் இல்லன்னு எழுதினீங்க?" என்று நான் கேட்டேன். என் குரலில் இருந்த சந்தேகம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்காரர் சொல்றதத்தாம்மா நான் எழுத முடியும். பஞ்சு சொல்றத எழுத முடியாது."

பிறகு என் கணவரிடம், கரண்ட் ஆபீஸுக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம், நாங்கள் இரண்டு பேரும் ஒரே கேண்டீனில் டீ குடிப்பதோடு சரி என்றார். என் மகள் அன்றைக்குத்தான், அத்தனை நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். மறுபடி ஒரு தடவை நேரில் பார்க்க வருகிறோம், இந்தத் தடவை சரக்கு எதிர் வீட்டில் இருக்காதே என்று கேட்டுவிட்டு அனுப்பினார்.

வந்தார்கள். அதற்கு முன்னால் என் கணவர் பலகையை வாசல் தூணில் நான்கு ஆணி அடித்து மாட்டியிருந்தார். இரண்டு ஆணி போதும். நான்கு அடித்தார். தெருமுனையில் வண்டி நின்றதும் எதிர் வீட்டிலிருந்து வழக்கம்போல மிஸ்டு கால் வந்தது. என் கணவர் திரும்பக் கூப்பிட்டு, பரவாயில்லை, வரட்டும் என்றார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எங்கள் வீட்டை யாரும் முன்போல நம்புவதில்லை. மாவு விற்கிறவள் என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறாள். உண்மையைச் சொல்லிவிட்ட வீடு அடுத்து யாரைப் பற்றிச் சொல்லுமோ என்று அவர்களுக்குப் பயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பதிவு திரும்பக் கிடைத்தது. என் மகள் இரண்டு மாநிலத்திலும் மறுபடி இருக்கிறாள். தன் பேருக்கே பில் போடுகிறாள், தன்னிடமே வாங்குகிறாள், இங்கே கட்டியதை அங்கே கழிக்கிறாள். அடுத்து ஹைதராபாத்தில் ஒரு கிடங்கு பார்க்கலாம் என்றாள். அதற்குத் தெலுங்கானாவில் ஒரு பதிவு. எனக்கு எத்தனை மகள்கள் என்று விரல் விட்டு எண்ணாமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன். ஷெட் படங்களைப் பற்றி நான் கேட்கவில்லை. போனைப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ளாமல் அதை எப்படிக் கேட்பது?

போன வாரம் அவள் மறுபடி பெங்களூர் கிளம்பினாள். அங்கேயும் அந்த மாநிலத்து அதிகாரி கிடங்கைப் பார்க்க வருகிறாராம், அவள் நேரில் இருக்க வேண்டுமாம். காலை பஸ். என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, தான் இல்லாத நேரத்தில் யாராவது வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு நினைவுபடுத்தினாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"சொல்லு பாப்பம், வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

அவர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நிமிர்ந்தார்.

"எம் பொண்ணு இங்கதான் இருக்கா. வியாபாரம் இங்கதான் நடக்குதுன்னு சொல்லுவேன்."

அவள் செருப்பு வாரை இழுத்துச் சரி செய்தாள். நிமிர்ந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"வியாபாரம் இங்கதான்னு சொன்னா போதும்ப்பா" என்றாள்.

ஆட்டோ வந்தது. அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார், அவள் சொன்னதில் எதுவும் வித்தியாசமாக அவருக்குப் படவில்லை. நான் உள்ளே வந்து மாடி அறைக்குப் போனேன். தையல்காரப் பெண்கள் இன்னும் வரவில்லை. புது இணைப்பின் மீட்டர் ஓடாமல் நின்றிருந்தது. அவள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய், அலமாரியில் அவள் துணிகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று பார்த்தேன்.